ஏறாத சீனித்தண்ணி

புதுசா லேப்புல சேந்திருக்கற புள்ளைங்களா, மொதல்ல அந்த நாக்காலிய இழுத்துப் போட்டு ஒக்காருங்க. நிக்கறதுக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் கெடக்கு. உங்க பிரின்சிபால் அம்மா எனக்கு போன் போட்டு, "ரீத்தாம்மா, நீங்கதான் ரிட்டயராயி சும்மா இருக்கீங்களே, புது அட்டெண்டருங்களுக்கு வந்து நாலு நல்ல வார்த்த சொல்லுங்க"ன்னாங்க. நல்ல வார்த்தைக்கு நான் எங்க போறது? அதனால நடந்தத சொல்றேன். நல்லதா கெட்டதான்னு நீங்களே பாத்துக்குங்க.

நான் அஞ்சாவது வரைக்கும் போனவ. ஆறாவது என்னத் தேடி வரல, நானும் அதத் தேடிப் போவல. அப்பறம் லேப்புல வேல கெடச்சி, மிச்சத்த எல்லாம் இங்கதான் நின்னு கேட்டேன். என் பேத்தி கிண்டல் பண்ணுவா, "ஒரு பரீட்சையும் எழுதலியே ஆயா நீ"ன்னு. "எழுதலடி, ஆனா எல்லாப் பரீட்சையையும் கழுவிக் கவுத்திருக்கேன்"ம்பேன்.

ஆசிட்ட எப்படித் தூக்கறது, பீரோவ எப்படிப் பூட்டறது, அதெல்லாம் உங்களுக்குப் பேப்பர்ல அடிச்சிக் குடுத்திருப்பாங்க. நான் சொல்லப்போறது குப்பைக்கூடயப் பத்தி. சிரிக்காதீங்க தம்பி. மிஸ்ஸுக்கு மார்க்கு போடற அதிகாரம் இருக்கு. வெளியேருந்து வர்ற எக்ஸ்டெர்னல் சாருக்குக் கையெழுத்துப் போடற அதிகாரம் இருக்கு. நமக்கு என்னா இருக்கு? எத எப்ப குப்பையில கொட்டறதுங்கறது ஒண்ணுதான் இருக்கு. அத லேசா நெனச்சிடாதீங்க.

இத எனக்குச் சொன்னது, எனக்கு முன்னாடி இந்த லேப்புல இருந்த ஒரு பெரியவரு. வாயத் தொறந்தா திட்டுதான் வரும், ஆனா திட்டுக்குள்ள சேதி இருக்கும். "ஏ ரீத்தா, கையெழுத்து ஆவற வரைக்கும் மேசை மேல இருக்கறது உன்னோடதும் இல்ல, மிஸ்ஸோடதும் இல்ல. அத செஞ்ச புள்ளையோடது. ஈ மொச்சாலும் தொடாத"ம்பாரு. அப்ப எனக்கு ஒண்ணும் வெளங்கல. மேசை சுத்தமா இருந்தா தப்பா, இந்த ஆளுக்கு என்னா கிறுக்கான்னுதான் நெனச்சேன். கிறுக்கு இல்லன்னு தெரிய இலக்கியா வரவேண்டியிருந்துச்சி.

இலக்கியா சுரக்குடிப் பொண்ணு. அவ அப்பா குத்தகைக்கு நெல்லு போடறவரு. பஸ்ஸுல தொத்திக்கிட்டு வரும். பத்தாவதுல மார்க்கு கொஞ்சம் கம்மி. சயின்ஸ் குரூப் கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுது பாருங்க, நகரவே இல்ல. மழை பேயுது, கொடையக்கூட விரிக்காம நிக்கிது. கடைசியில பாட்டனி மிஸ்தான் எரக்கப்பட்டு, "சரி, ஒக்காரு. பிராக்டிக்கல்ல மட்டும் பெயிலாயிட்ட, அன்னிக்கே வேற குரூப்புக்குத் தூக்கிடுவேன்"ன்னு சேத்துக்கிட்டாங்க. அது சும்மா மெரட்டல் இல்ல. அந்த மிஸ் சொன்னா செய்வாங்க. நல்லவங்கதான், ஆனா பேரு கெட்டுப் போயிடுமோங்கற பயம் அவங்களுக்கு நெழலு மாதிரி கூடவே வரும்.

பிராக்டிக்கல் பரீட்சையும் வந்துச்சி. கொரோனா ஓஞ்சி பள்ளிக்கூடம் பழையபடி ஓட ஆரம்பிச்ச சமயம் அது. அந்தத் தடவ உருளக்கெழங்கு சோதன. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியலன்னாலும் தலையாட்டாதீங்க, சொல்றேன். கெழங்கத் தோல் சீவி, அடிய தட்டையா வெட்டி, நடுவுல கிண்ணம் மாதிரி நோண்டணும். அதுக்குள்ள சீனித்தண்ணிய ஊத்தி, தண்ணி எது வரைக்கும் நிக்கிதோ அங்க ஒரு குண்டூசிய குத்தி வைக்கணும். அப்பறம் கெழங்கத் தூக்கி பீக்கர் தண்ணியில ஒக்கார வைக்கணும். வெளித்தண்ணி கெழங்கு வழியா உள்ள போயி, சீனித்தண்ணி குண்டூசியத் தாண்டி மேல ஏறும். ஏறணும். புக்குல ஏறும். அதுக்கு ஆஸ்மோசிஸ்னு பேரு.

இப்ப எங்க லேப்புல அன்னிக்கு நடந்தத கேளுங்க.

எக்ஸ்டெர்னல் வர்றாருன்னா கல்யாண வீடு மாதிரிதான் நம்ம பள்ளிக்கூடத்துல. வடை, கேசரி, டீ. அவரு வயிறு நெறஞ்சா புள்ளைங்க மார்க்கு நெறையும்னு ஒரு நெனப்பு. அன்னிக்கி காலையில ஸ்டாஃப் ரூம்ல சீனி இல்ல. மிஸ் வேகமா வந்தாங்க, லேப்பு பீரோவத் தொறந்தாங்க, சோதனைக்கு வச்சிருந்த சீனி டின்னத் தூக்கிட்டாங்க.

"மிஸ், அது கெழங்குக்கு"ன்னேன்.

"கேசரிக்கும் டீக்கும் போவ மீதி வரும் ரீத்தாம்மா. சும்மா காட்டறதுக்குத்தானே."

மீதி வந்துச்சி. டின்ன கவுத்துத் தட்டுனா கொட்டற அளவுக்கு வந்துச்சி. அதத்தான் பெரிய ஜாடித் தண்ணியில கரைச்சி மேசைக்கு மேசை குடுத்தோம். கெழங்காவது நல்ல கெழங்கா? பரீட்சைய ஒரு தடவ தள்ளி வச்சிட்டாங்க, மொத தேதிக்கு வாங்குன கெழங்கு சாக்குலயே கெடந்து சுருங்கிப் போச்சி. என் கன்னத்தப் பாத்துக்குங்க, அந்த மாதிரி. அதுக்கு மேல, தொட்டியில முனிசிபாலிட்டித் தண்ணி காலி. மோட்டாரப் போட்டு போர் தண்ணிய எடுத்து பீக்கர்ல ஊத்துனோம். நம்ம காரைக்கால்ல கடலோரத்து போர் தண்ணி எப்படின்னு தனியா சொல்லணுமா? தலத்தெருவுல எங்க வீட்லயே அதுல பருப்பு போட்டா சாயந்தரம் வரைக்கும் வேவாது.

புள்ளைங்க நோண்டுச்சிங்க, ஊத்துச்சிங்க, ஊசி குத்துச்சிங்க, ஒக்காந்துச்சிங்க. நான் மேசை மேசையா நடந்து பாத்துட்டே வர்றேன். ஒரு கெழங்குலயும் தண்ணி ஏறல. ஏறாதது மட்டும் இல்ல, எறங்கிடுச்சி. குண்டூசி மேல நிக்கிது, தண்ணி கீழ கெடக்கு. எல்லாத்துலயும். எனக்கு ஒரே சிரிப்பு. இன்னிக்கி எக்ஸ்டெர்னலுக்கு நல்ல கூத்துதான்னு நெனச்சிக்கிட்டேன்.

கூத்து எங்க நடந்துச்சி? புள்ளைங்க பேப்பர எட்டிப் பாக்கறேன், எல்லாரும் ஏறுச்சின்னு எழுதி வச்சிருக்காங்க. முன்னாடி கெழங்கு எறங்கி நிக்கிது, பேப்பர்ல ஏறிடுச்சி. கெழங்க ஒருத்தரும் பாக்கவே இல்ல. பாத்தவங்களும் நம்பல. புக்குக்கு மேல ஒரு கெழங்கு வந்துடுமான்னு.

இலக்கியா ஒருத்தி மட்டும் குனிஞ்சி, ஊசிக்கு நேரா கண்ண வச்சி, ரொம்ப நேரம் பாத்தா. பாத்துட்டு எழுதுனா: எறங்கிடுச்சி.

மிஸ் அவ பேப்பரப் பாத்தாங்க. மொகம் மாறிடுச்சி. கிட்ட போயி குனிஞ்சி, மெதுவா, "அடிச்சிட்டு ஏறுச்சின்னு எழுது"ன்னாங்க.

"ஏறல மிஸ்."

"ஏறும்டி. எழுது."

"ஏறட்டும் மிஸ், அப்ப எழுதறேன்."

"உனக்கு சயின்ஸ் குரூப் வேணுமா வேணாமா?"

அவளுக்குக் கண்ணுல தண்ணி முட்டுது. ஆனா பேனாவ எடுக்கல. மூடியப் போட்டு மூடி மேசை மேல வச்சிட்டா. எனக்கு அந்த மூடி போட்ட சத்தம் இன்னிக்கும் கேக்குது.

இதுக்கு நடுவுல எக்ஸ்டெர்னல் சாரு வந்துட்டாரு. வெளியூருக்காரரு, மூக்குக் கண்ணாடி மூக்கு நுனியில நிக்கும், கையில டீ டம்ளரு, பின்னாடியே கேசரித் தட்டும் வந்துச்சி. முன் மேசையில ஒக்காந்து பேப்பரெல்லாம் வாங்கி மடமடன்னு டிக் போட்டுக்கிட்டே வந்தாரு. இலக்கியா பேப்பர் வந்ததும் நின்னுட்டாரு.

"யாரும்மா இது? வாம்மா இங்க. எல்லாரும் ஏறுச்சின்னு எழுதிருக்காங்க, நீ மட்டும் எறங்குச்சின்னு எழுதிருக்க. சோதன என்னான்னே தெரியாம வந்துட்டியா?"

"தெரியும் சார். எறங்கிடுச்சி."

"எப்படிம்மா எறங்கும்?"

"அது எனக்குத் தெரியல சார். ஆனா எறங்கிடுச்சி. நீங்க வந்து கெழங்கப் பாருங்க சார்."

இங்கதான் புள்ளைங்களா, கவனிங்க. மிஸ் என்னத் திரும்பிப் பாத்தாங்க. அடுத்த பேட்ச் வெளிய வரிசையில நிக்கிது. "ரீத்தாம்மா, டைமாச்சு, மேசைய கிளியர் பண்ணிடுங்க"ன்னாங்க. சத்தமாத்தான் சொன்னாங்க, சாதாரணமாத்தான் சொன்னாங்க. எல்லா நாளும் சொல்றதுதான். நானும் எல்லா நாளும் செய்யறதுதான். கை தானா தட்ட எடுத்துடுச்சி. கெழங்க எல்லாம் பீக்கரோட தட்டுல அடுக்கறேன். ஒவ்வொரு பீக்கர் மேலயும் ரோல் நம்பர் எழுதுன சீட்டு ஒட்டிருக்கு. குப்பைக்கூட கதவுகிட்ட. நடக்கறேன்.

நடக்கறப்பத்தான் ஒறைக்கிது. இத நான் கொட்டிட்டேன்னா, கெழங்கு இல்ல. கெழங்கு இல்லன்னா, ஏறுச்சிங்கற பேப்பருங்க ஒரு கட்டு, எறங்குச்சிங்கற பேப்பரு ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணு பொய்யாயிடும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்ல, யாரும் அந்தப் பொண்ண திட்டக்கூட வேண்டியதில்ல. நான் என் வேலைய ஒழுங்கா செஞ்சா போதும், அந்தப் பொண்ணு காலி.

இது ரொம்ப நேரம் யோசிச்சி எடுத்த முடிவு இல்ல. தட்டு கனக்குது, கையில போர் தண்ணி வழியிது, மிஸ் பாக்கறாங்க. திட்டிக்கிட்டே இருப்பாரே, அந்தப் பெரியவரு குரலுதான் காதுல வந்துச்சி. ஈ மொச்சாலும் தொடாத. தொட்டாச்சே பெரியவரே, இப்ப என்னா பண்றது? திரும்பிட்டேன். தட்ட நேரா கொண்டுபோயி எக்ஸ்டெர்னல் சாரு முன்னாடி, அவரு டிக் போட்ட பேப்பருங்க பக்கத்துல வச்சிட்டேன்.

சாருக்குக் கோவம் வந்துடுச்சி. "என்னம்மா இது? காய்கறிக் கடையா?"

"ஆமா சார். பாத்துட்டு வாங்குங்க."

"ரீத்தாம்மா!" மிஸ் குரலு கிரீச்சுன்னு வருது. "இது உங்க வேல இல்ல!"

"கொட்டறதுதான் மிஸ் என் வேல. கொட்டல. அவ்வளவுதான்."

சாரு கண்ணாடிய மேல ஏத்திவிட்டு மொத கெழங்கப் பாத்தாரு. ரெண்டாவதப் பாத்தாரு. அப்பறம் தட்டையே பக்கத்துல இழுத்துக்கிட்டாரு. ஒவ்வொரு சீட்டு நம்பரையும் பேப்பரோட வச்சிப் பாக்கறாரு. எங்க புள்ளைங்க எல்லாம் திடீர்னு அவங்கவங்க செருப்பப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க.

"எல்லாமே எறங்கிருக்கு"ன்னாரு.

நமக்கு வாய் சும்மா இருக்குமா? "ஃபேன் காத்துல வத்திருக்கும் சார்"ன்னு எடுத்துவிட்டேன்.

"இவ்வளவு நேரத்துல இவ்வளவு வத்தும்னா காரைக்கால்ல கடலே இருக்காதும்மா"ன்னாரு. அப்பத்தான் தெரிஞ்சிது, மனுஷன் சிரிக்கத் தெரிஞ்சவருன்னு. நான் வாய மூடிக்கிட்டேன். கொஞ்ச நேரந்தான்.

சாரு இலக்கியாகிட்ட திரும்புனாரு. இந்தத் தடவ குரல்ல அதட்டல் இல்ல. "நீ சொல்லும்மா. எதனால இருக்கும்? தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

அவ மிஸ்ஸ ஒரு தடவ பாத்தா. அப்பறம் சொன்னா, "கெழங்கு தொளதொளன்னு இருந்துச்சி சார். நோண்டறப்ப வெடுக்குன்னு ஒடையல, வளைஞ்சி குடுத்துச்சி. கெழங்குக்கே தண்ணி பத்தலன்னு நெனக்கிறேன். அதுவே உள்ள இருந்தத குடிச்சிருக்கும்."

சாரு ஒரு கெழங்க எடுத்து வெரலால அமுக்குனாரு. அமுங்குச்சி. தலையாட்டுனாரு. "ஒண்ணு சரி. ஆனா சீனித்தண்ணி கெட்டியா இருந்தா கெழங்கு இவ்வளவு குடிக்க முடியாதே. வெளித்தண்ணி என்ன தண்ணி?"

"போர் தண்ணி சார்"ன்னு நாலஞ்சி புள்ளைங்க ஒண்ணா சொல்லுச்சிங்க. இப்பத்தான் வாய் வருது இதுங்களுக்கு.

"அது உப்பு. வெளிய உப்புன்னா தண்ணி உள்ள வர ஏன் பிரியப்படும்? ரெண்டாவது சரி. சீனி எவ்வளவு போட்டீங்க?"

மிஸ் ஃபேனப் பாக்கறாங்க. அந்த ஃபேன அவ்வளவு அக்கறையா யாரும் பாத்து நான் பாத்ததில்ல. சாரு பதிலுக்குக் காத்துக்கிட்டே கையில இருந்த டீய ஒரு வாய் உறிஞ்சினாரு.

"கொஞ்சம் கெழங்குல இருக்கு சார்"ன்னேன். "மீதி உங்க டம்ளர்ல இருக்கு."

அவரு டம்ளருக்குள்ள பாத்தாரு. கேசரித் தட்டப் பாத்தாரு. மிஸ்ஸப் பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு பாருங்க, டீ மூக்குல ஏறிப் பொரையேறி, நாந்தான் தலையில தட்டினேன். அன்னிக்கி அந்த லேப்புல ஏறுனது அது ஒண்ணுதான்.

சிரிச்சி முடிச்சிட்டு கண்ணாடியத் தொடைச்சாரு. டிக் போட்ட பேப்பர எல்லாம் திருப்பிக் குடுத்தாரு. "பாத்தத எழுதுங்க. ஏன் அப்படி ஆச்சின்னு எழுதுங்க. மார்க்கு அதுக்குத்தான்."

முன் பெஞ்சி பையன் ஒருத்தன், கிளாஸ்லயே மொத மார்க்கு வாங்கறவன், எந்திரிச்சி, "சார், புக்குல ஏறும்னுதானே சார் இருக்கு"ங்கறான். பாவம், அழுவற மாதிரி இருக்கான்.

"புக்குல இருக்கற கெழங்கு வேறப்பா. இது உன் கெழங்கு."

இலக்கியா பேப்பர மட்டும் அவரு திருப்பிக் குடுக்கல. அப்படியே கையெழுத்துப் போட்டு அடுக்குல வச்சிட்டாரு. அந்தப் பொண்ணு சிரிக்கும், கையெடுத்துக் கும்புடும்னு நான் பாக்கறேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நேரா மிஸ்ஸுகிட்ட போயி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "மிஸ், நான் சயின்ஸ் குரூப்ல இருக்கலாமா?"ன்னு கேட்டுச்சி.

மிஸ்ஸுக்கு ஒதடு துடிக்கிது. கோவமா, வெக்கமான்னு எனக்குத் தெரியல. "போ. உன் எடத்துல போயி ஒக்காரு"ன்னாங்க. அந்த எடத்துலதான் அடுத்த வருஷம் பூரா ஒக்காந்துச்சி அந்தப் பொண்ணு. யாரும் தூக்கல.

அடுத்த பேட்ச் வர்றதுக்கு முன்னாடி சாரு கொஞ்சம் வெளிய போனதும் மிஸ் என் பக்கம் வந்தாங்க. கண்ணு செவந்திருக்கு. "இப்பவாவது கொட்டலாமா ரீத்தாம்மா?" குத்தலாத்தான் கேட்டாங்க.

"கேட்டுட்டுக் கொட்டறேன் மிஸ்"ன்னுட்டு நான் இலக்கியா பக்கம் திரும்பினேன். "ஏன்டி, உன் கெழங்கக் கொட்டவா?"

"நானே கொட்டறேன் ஆயாம்மா"ன்னு வந்து அவ பீக்கர மட்டும் எடுத்துக்கிட்டா. அத பாத்துட்டு மத்ததுங்களும் ஒண்ணொண்ணா வந்து அதுங்க அதுங்க கெழங்க எடுத்துக்கிச்சிங்க. எனக்கு அன்னிக்கி கழுவற வேல மிச்சம்.

அதுக்கப்பறம் எனக்கு மாலையா போட்டாங்க? மிஸ் ரொம்ப நாளு என்கிட்ட பேசல. எதுனாலும் போர்டுல எழுதிப் போட்டுட்டுப் போவாங்க, நான் எழுத்துக்கூட்டிப் படிச்சிக்கணும். பீரோவுல பூசணம் பூத்த பாட்டில எல்லாம் எறக்கிக் கழுவச் சொன்னாங்க. கழுவினேன். பாட்டுப் பாடிக்கிட்டே கழுவினேன், அவங்களுக்குக் கேக்கணும்னு. "அட்டெண்டருக்கு இவ்வளவு திமிரா"ன்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு. "இதுதான் சார் மிச்சம் இருக்கு, இதையும் குடுத்துட்டா வீட்டுக்கு வெறுங்கையா போவணும்"ன்னேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாளு வரும். யாரும் வந்து உங்ககிட்ட அநியாயம் பண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. அப்படிச் சொன்னாத்தான் நமக்கு ரோசம் வந்துடுமே. மேசையத் தொடைங்கம்பாங்க. தண்ணிய மாத்துங்கம்பாங்க. அடுத்த பேட்ச் நிக்கிதும்பாங்க. அப்ப உங்க கை தானா தட்டுக்குப் போவும். கையப் புடிச்சி நிறுத்துங்க. எதிர நிக்கற புள்ளையப் பாத்து, "எடுக்கவா?"ன்னு ஒரு வார்த்த கேளுங்க. பெரியவங்ககிட்ட கேக்காதீங்க, செஞ்ச புள்ளகிட்ட கேளுங்க. வேண்டாம்னு அது சொல்லிட்டா, எந்த மிஸ் கத்தினாலும் எந்த சாரு மொறைச்சாலும் தட்டு மேசையிலயே இருக்கட்டும். உங்கள என்னா பண்ணிடுவாங்க? பாட்டில் கழுவச் சொல்லுவாங்க. நல்லா கழுவுங்க.

அந்த மிஸ்ஸப் பத்தி தப்பா நெனச்சிட்டுப் போவாதீங்க. மறு வருஷம் பிராக்டிக்கலுக்கு மொத நாளு, நான் மேசை தொடைச்சிக்கிட்டு இருக்கேன். அவங்க வந்தாங்க. அப்பவும் பேச்சு இல்ல. பையத் தொறந்து, ரெண்டு பொட்டலம் சீனி எடுத்து என் மேசையில வச்சாங்க. ஒண்ண பீரோவுக்குப் பக்கமா தள்ளி வச்சாங்க, ஒண்ண டீ கெட்டிலுக்குப் பக்கமா தள்ளி வச்சாங்க. புது உருளக்கெழங்கு ஒரு பை. வீட்லேருந்து கொண்டாந்த நல்ல தண்ணி ஒரு கேனு. நான் ஒரு கெழங்க எடுத்து அவங்க பாக்கற மாதிரி ரெண்டா ஒடைச்சேன். வெடுக்குன்னு ஒடைஞ்சிது. மிஸ் சிரிப்ப அடக்க முடியாம வெளிய போயிட்டாங்க.

மறுநாளு தண்ணி எல்லா கெழங்குலயும் ஏறுச்சி. புள்ளைங்க குனிஞ்சி குனிஞ்சி, ஊசிக்கு நேரா கண்ண வச்சிப் பாத்துட்டுத்தான் எழுதுச்சிங்க. வந்த எக்ஸ்டெர்னலுக்கு சுகராம், சீனி போடாத டீ கேட்டாரு. டீக்கு வச்ச சீனிப் பொட்டலம் பிரிக்காம அப்படியே கெடந்துச்சி. எங்க போச்சின்னு என்ன கேக்காதீங்க. எங்க வீட்ல அன்னிக்கி கேசரி.